நான் இருக்காத விரதம்

போன மாதம் எங்கள் பழைய ஆபீஸில் இப்போது வேலை பார்க்கும் செல்வி என்ற பிள்ளை பழங்காநத்தத்தில் எங்கள் வீடு தேடி வந்தது. ஓய்வு பெற்றவர்களிடம் அனுபவம் எழுதி வாங்கி ஒரு மலர் போடப் போகிறார்களாம். மற்றவர்களிடம் ஏதாவது எழுதுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். எனக்கு மட்டும் தலைப்பையே கொடுத்துவிட்டார்கள்.

"பட்டாளத்து மலைச்சாமிக்காக நீங்க விரதம் இருந்தீங்கள்லய்யா, அத எழுதிக் குடுங்க. புதுசா வாரவங்களுக்கு மொத நாளே உங்க போட்டோவக் காட்டி அந்தக் கதையத்தான் சொல்றோம். இப்ப எங்களுக்கு எல்லாம் போன்லயே முடிஞ்சிருது. ஒரு போட்டோ, அப்பா பேரு, அம்மா பேரு, அம்புட்டுத்தான். ஒரு வீட்டு வாசல மிதிக்கிறதில்ல. நீங்கல்லாம் எப்படி இருந்திருக்கீங்க."

என் மனைவி காபி கொடுத்தாள். அந்தப் பிள்ளை குடித்துவிட்டு என் காலைத் தொட்டுக் கும்பிட்டுப் போனது. அன்று சாயங்காலம் சாமி படத்துக்கு விளக்கேற்ற எனக்குக் கை வரவில்லை. மனைவியை ஏற்றச் சொல்லிவிட்டு வாசலில் நின்றுகொண்டேன்.

எழுதுகிறேன். ஆனால் செல்வி நினைத்த மாதிரி இருக்காது.

நான் ஒன்பதாம் வகுப்பு வரை படித்தவன். படைவீரர் குடும்பங்களின் காரியங்களைப் பார்க்கிற ஆபீஸில் காவலாளாகச் சேர்ந்து, பியூனாகி, கடைசியில் பதிவறை எழுத்தராக ஓய்வு பெற்றேன். வேலை பழகிய காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தூசி தட்டினேன், டீ வாங்கினேன், கேட்ட ஃபைல் கட்டை எடுத்துக் கொடுத்தேன். காலையில் அம்மன் சன்னதியில் கும்பிட்டுவிட்டுத்தான் ஆபீஸ் பூட்டைத் திறப்பேன். திருநீறு இல்லாத என் நெற்றியை அங்கே யாரும் பார்த்ததில்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. பின்னால் வருகிற காரியத்துக்கு இந்தத் திருநீறும் ஒரு காரணம்.

வேலை என்றால் என்ன என்று எனக்குக் காட்டியவர் மேஜர் ஐயா. பட்டாளத்திலிருந்து வந்து எங்களுக்கு அதிகாரியாக இருந்தவர். அவர் காலத்தில்தான் பழைய சண்டைகளில் செத்துப்போன வீரர்களுக்கு அவரவர் ஊரில் நினைவுக் கல் வைக்கிற வேலை வந்தது. கல்லில் சில வரிகள்தான் எழுத இடம் இருக்கும். எங்கள் கட்டுகளில் இருப்பது பேர், நம்பர், செத்த இடம். மிச்சத்தை வீட்டில் போய்க் கேட்டு வர வேண்டும். அந்த வேலையை என்னிடம் கொடுத்தார். நான் படிக்காதவன் என்று தயங்கினேன். "படிச்சவன் கேள்வி கேப்பான். நீ உக்காந்து கேட்டுக்கிட்டு இரு. அதான் வேணும்" என்றார்.

அவருக்கு என்று சில முறைகள் உண்டு. ஜீப்பைத் தெரு முனையிலேயே நிறுத்திவிட வேண்டும். சர்க்கார் வண்டி வாசலில் வந்து நின்றால் அந்த வீட்டில் இன்னொரு தடவை நெஞ்சு பதறும் என்பார். செருப்பை வெளியே விட வேண்டும். அவர்கள் எதில் உட்கார்ந்திருக்கிறார்களோ அதில்தான் நாமும் உட்கார வேண்டும். தரை என்றால் தரை. முதலில் அந்தப் பையனுக்கு என்ன சாப்பிடப் பிடிக்கும் என்று கேட்க வேண்டும். அப்புறம் சின்ன வயசில் எதற்குப் பயப்படுவான் என்று. சாவை நாமாகக் கேட்கவே கூடாது. அவர்களாக அங்கே வந்து சேருவார்கள். அதுவரை பேனாவை எடுக்கக் கூடாது.

நான் எழுதிக்கொண்டு போய்க் கொடுத்தால் சிவப்புப் பென்சிலை எடுப்பார். 'வீரத்துடன் போரிட்டு' என்று இருந்தால் ஒரே கோடு.

"இது எல்லாக் கல்லுக்கும் பொருந்தும். இவன் யாருய்யா? இவனுக்கு மட்டும் பொருந்துறது ஒரு வரி வேணும். போயி வாங்கிட்டு வா."

அந்த ஒரு வரிக்காக ஒரே வீட்டுக்கு இரண்டு மூன்று தடவை நடந்திருக்கிறேன்.

இன்னொரு முறையும் வைத்திருந்தார். "குடுக்கிறதச் சாப்பிடு. வேணாம்னு சொல்லிறாத. அவன் தின்ன சோறு அது. அதத் தின்னாத்தான் அவன் உனக்குத் தெரிவான்."

மற்ற எல்லாவற்றையும் நான் கடைப்பிடித்தேன். இதை மட்டும் எல்லா வீட்டிலும் கடைப்பிடிக்கவில்லை.

எங்கள் ஆட்கள் இருக்கும் தெருக்களில் சாப்பிட்டேன். எங்களுக்குச் சமமான தெருக்களிலும் சாப்பிட்டேன். காலனித் தெருவுக்குள் போனால் மட்டும் என் வாயில் தானாக ஒரு பேச்சு வந்துவிடும். "இன்னைக்கு விரதம் தாயி." யாரும் எனக்கு அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. வளர்ந்த விதம். நெற்றி நிறையத் திருநீறு பூசியவன் சொன்னால் யார் சந்தேகப்படுவார்கள்? அம்மாவுக்குக் கிருத்திகை, எனக்குப் பிரதோஷம், இன்று வெள்ளிக்கிழமை என்று நாளுக்கு ஒரு சாமியைத் துணைக்கு வைத்துக்கொள்வேன். ஒரு வீட்டில் ஒரு அம்மாள், "விரதத்துக்குப் பழம் சாப்பிடலாம்ல சாமி" என்று வாழைப்பழம் கொண்டுவந்தார். வாங்கிக்கொண்டேன். தோல் இருந்ததால்தான் வாங்கினேன் என்பது எனக்குத் தெரியும்.

எங்கள் ஜீப் டிரைவர் சிக்கந்தர் பாய்க்கும் தெரியும். அவர் எந்த வீட்டிலும் சம்மணம் போட்டு உட்கார்ந்து ரசத்தைக் கையில் வாங்கிக் குடிப்பவர். திரும்பி வரும்போது ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொல்வார்.

"எங்களுக்கு வருசத்துல ஒரு மாசந்தான்ணே நோம்பு. உங்களுக்கு ஜீப்புல ஏறுனாலே நோம்பு."

நான் சிரித்து வைப்பேன்.

மலைச்சாமியின் ஊர் பரவைக்கு அந்தப் பக்கம், வாய்க்கால் பாசன ஊர். வங்கதேசம் பிறந்த சண்டையில் செத்தவர். உடல் வரவில்லை. ஒரு தகரப் பெட்டி மட்டும் வந்தது. நான் போனபோது அவருடைய தாயார் இருளாயி உயிரோடு இருந்தார். வயதாகியும் களையெடுக்கப் போய்க்கொண்டிருந்தார். உடன் இருந்தது மகள் பேச்சி. மலைச்சாமியின் தங்கை. பரவை மார்க்கெட்டில் காய் வியாபாரம்.

முதல் தடவை போனபோது முறைப்படி தரையில் உட்கார்ந்தேன். மகனுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டேன். இருளாயி எழுந்து போய், ஒரு அலுமினியத் தட்டைக் கழுவி எடுத்து வந்தார். பட்டாளத்துத் தட்டு. பெட்டியில் வந்தது.

"எங்க வழக்கம் ஒண்ணு இருக்கு சாமி. செத்தவனப் பத்திக் கேக்க வந்தவுக, அவன் பங்குல ஒரு வாய் தின்னுட்டுத்தான் கேக்கணும். வெறும் வாயில கேட்டா அவன் வந்து பாத்துட்டுப் பசியோட திரும்பிருவான். கருவாட்டுக் கொழம்பு இருக்கு. உக்காருங்க."

"இன்னைக்கு விரதம் தாயி" என்றேன்.

அவர் முகம் வாடவில்லை. தட்டைத் துடைத்துக் கவிழ்த்து வைத்தார். "அப்பச் சரி. முடிச்சிட்டு வாங்க. அவன் எம்புட்டோ வருசம் பொறுத்துட்டான்."

அன்று வெறுங்கையோடு வந்தேன். மேஜர் ஐயாவிடம், அந்த அம்மாள் பேச மாட்டேன் என்கிறார் என்று மட்டும் சொன்னேன்.

இடையில் திருநகரில் ஒரு ஹவில்தார், மலைச்சாமியோடு அதே படையில் இருந்தவர், கிடைத்தார். அவர் சொன்னார்.

"ஒரு ஆறுங்க. ஆழம் தெரியல. அக்கரைக்குக் கயிறு கொண்டு போயிக் கட்டணும். நீச்சல் தெரியாதவன்லாம் பின்னால நில்லுன்னாரு சுபேதார். மலைச்சாமிக்குச் சுத்தமாத் தெரியாது. வைகையில முழங்கால் தண்ணிக்கே ஓரமாப் போறவன். ஆனா எங்க எல்லாத்துலயும் ஒசரம் அவன்தான். கயித்த எடுத்துப் பல்லுல கடிச்சிக்கிட்டான். நடந்தே போனான் சார், கழுத்தளவு, அப்புறம் மூக்களவு. அக்கரையில மரத்துல கட்டிட்டு நிமிந்தான். குண்டு. அந்தக் கயித்தப் பிடிச்சுத்தான் நாங்க அம்புட்டுப் பேரும் போனோம். நான் இந்த நாற்காலியில உக்காந்திருக்கேன்ல, அந்தக் கயிறுதான்."

இதைக் கேட்டதும் மேஜர் ஐயா பென்சிலைக் கீழே வைத்தார். "வாய்க்கால் ஊரு. தோட்டத்துக்குத் தோட்டம் கிணறு. அந்த ஊர்ப் பையனுக்கு எப்படிய்யா நீச்சல் தெரியாமப் போகும்?"

எனக்குத் தெரியும். என் தாய்மாமன் ஊரும் அந்தப் பக்கம்தான். முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி மாமா என்னைக் கிணற்றில் தள்ளிவிட்டுத்தான் எனக்கு நீச்சல் பழக்கினார். நாங்கள் குதித்துக் கும்மாளம் போடும்போது காலனிப் பையன்கள் ஆடுகளோடு வரப்பில் நின்று பார்ப்பார்கள். அவர்கள் ஏன் இறங்கவில்லை என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. இறங்கினால் என்ன நடந்திருக்கும் என்று மட்டும் தெரியும்.

"தெரியலைங்கய்யா" என்றேன்.

"அந்தம்மாகிட்டக் கேளு."

இரண்டாம் தடவை போனேன். தட்டு மறுபடியும் கழுவி வந்தது. மறுபடியும் விரதம் என்றேன். இருளாயி என்னை உற்றுப் பார்த்தார். பிடிபட்டுவிட்டோம் என்று நினைத்தேன். அவர் கை எடுத்துக் கும்பிட்டார். அது ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

மூன்றாம் தடவை மேஜர் ஐயாவும் வந்தார். இருளாயி தட்டைக் கொண்டுவந்ததும், அவர் மடித்த காலை மாற்றிப் போட்டு உட்கார்ந்து, கருவாட்டுக் குழம்பை இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நான் வாசல் பக்கமாக உட்கார்ந்திருந்தேன். என் பக்கம் தட்டு வரவே இல்லை. அவர் கை கழுவியதும் இருளாயி தானாகப் பேச ஆரம்பித்தார்.

"கெணத்துக்குள்ள எங்க பிள்ளைகள எறங்க விட மாட்டாக சாமி. ஒரு நா வெயில் தாங்காம எறங்கிட்டான். அப்பப் பத்து வயசு இருக்கும். மேல ஏத்தி, பூவரசு மரத்துல கட்டி வச்சுட்டாக. கெணத்துத் தண்ணியெல்லாம் எறச்சு ஊத்தணும்னு இவன் அப்பனுக்குத் தண்டன. அதுலருந்து தண்ணின்னாலே அவனுக்கு ஒடம்பு நடுங்கும்."

மேஜர் ஐயா, "இதக் கல்லுல எழுதலாமாம்மா?" என்று கேட்டார்.

"வேணாம் சாமி. அந்தக் கெணத்துல இப்பத் தண்ணி இல்ல, குப்பதான் கெடக்கு. எம்மகன் கல்லுல அதுக்கு எதுக்கு எடம்? ஆத்துல எறங்குனத எழுதுங்க."

அப்படித்தான் அந்த வரி வந்தது. 'நீச்சல் தெரியாதவர். ஆற்றில் முதலில் இறங்கியவர்.' சிவப்புப் பென்சில் அதைத் தொடவில்லை.

புறப்படும்போது மேஜர் ஐயா கேட்டார், "நீங்க சாப்பிட்டீங்களாம்மா?"

பேச்சிதான் பதில் சொன்னாள். "ஆத்தா ஒரு பொழுதுங்க. ராத்திரி மட்டும் ஒரு வாய்."

"எதுக்கு?"

இருளாயி என்னைக் கை காட்டினார். "இந்தச் சாமி எம்மகன் கல்லு நிக்கிற வரைக்கும் வெரதம் இருக்காக. வந்த மொத நாளும் வெரதம். அடுத்து வந்தப்பவும் வெரதம். எந்த ஊருப் பிள்ளையோ, எம்மகனுக்காகப் பட்டினி கெடக்குறப்ப, பெத்தவ நான் மூணு வேள திங்கலாமா? நானும் கல்லு நிக்கிற வரைக்கும்னு வேண்டிக்கிட்டேன்."

நான் தரையைப் பார்த்தேன். சாணி மெழுகிய தரையில் என் கைரேகைகள் தெரிந்த மாதிரி இருந்தது. மேஜர் ஐயா என்னைப் பார்த்தார் என்பது பார்க்காமலே தெரிந்தது.

தெரு முனையில் ஜீப்பில் ஏறினோம். சிக்கந்தர் பாய் சாவியைத் திருகப் போனார். மேஜர் ஐயா கையைக் காட்டி நிறுத்தினார். கோபமாகப் பேசவில்லை. கல்லின் அளவைப் பேசுகிற குரலில்தான் பேசினார்.

"எத்தன வீட்டுலய்யா இந்த விரதம்?"

நான் அந்த வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"அந்தம்மாவ நிறுத்தச் சொல்லிறலாமாங்கய்யா?" என்று கேட்டேன்.

"என்னன்னு சொல்லி நிறுத்துவ? தைரியம் இருந்தா இறங்கிப் போ. நான் விரதம் இல்ல, உன் வீட்டுல சாப்பிட எனக்கு மனசு வரலைன்னு சொல்லு. வண்டி நிக்கும்."

வண்டி நின்றது. சிக்கந்தர் பாய் கண்ணாடியில் என்னைப் பார்க்காமல் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கம்பியைப் பிடித்த என் கை அப்படியே இருந்தது. நான் இறங்கவில்லை. மேஜர் ஐயா காத்திருந்து பார்த்துவிட்டுச் சொன்னார்.

"அப்ப இனிமே நெசமாவே இரு."

இருந்தேன். ஒரு பொழுதுதான். வீட்டில் மனைவி எதற்கு என்று கேட்டாள். வேண்டுதல் என்றேன். இந்த ஒரு தடவைதான் விரதம் என்ற என் சொல் உண்மை. ஆனால் கோயிலில் போய் நின்றால் அம்மன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் பேரைச் சொல்லி எத்தனை வீட்டுச் சோற்றைத் தள்ளியிருக்கிறேன். பசியெல்லாம் பெரிதில்லை, பழகிவிட்டது. பத்துப் பேர் பார்க்க வாசலில் நிற்க வைத்த மாதிரி அவள் என்னை நிற்க வைத்ததுதான் தாங்கவில்லை.

கல் வர இழுத்துக்கொண்டே போனது. கொத்துகிறவருக்குக் காய்ச்சல், லாரி கிடைக்கவில்லை, திறக்க வருகிறவருக்கு நாள் இல்லை. ஒவ்வொன்றுக்கும் நான் ஓடின ஓட்டத்தைப் பார்த்து ஆபீஸில் மெச்சினார்கள். ஒரு கிழவி பட்டினி கிடக்கிறாள் என்று ஓடினேன். யாரால் என்று சொல்லவில்லை.

கல் திறந்த அன்று இருளாயி எல்லார் முன்னாலும் அந்த அலுமினியத் தட்டில் சோறு போட்டு, முதல் வாயைத் தன் கையால் எனக்கு ஊட்டினார். கருவாட்டுக் குழம்புதான். சாப்பிட்டேன். அழுதேன். பக்திமான் அழுகிறார் என்று போட்டோ எடுத்தார்கள். ஆபீஸில் தொங்குவது அந்தப் போட்டோதான். அதில் என் முகத்தை விட்டுவிட்டு, ஊட்டுகிற கையைப் பாருங்கள். மணிக்கட்டு எலும்பு தனியாகத் தெரியும்.

அடுத்த வருடம் இருளாயி காலமானார். ஆனால் கல் திறந்த நாளில் ஊர் கூடிக் கல்லைக் கும்பிடுகிற கல் கும்பிடு நின்றுபோகவில்லை. வருடாவருடம் அந்த நாளில் அந்தத் தெருவில் எல்லாரும் மத்தியானம் வரை ஒன்றும் சாப்பிடுவதில்லை. ஆபீசர் விரதம் இருந்தார், ஆத்தாவும் இருந்தது என்று, என்னை ஆபீசராக்கிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பிறகு பந்தி. முதல் இலை எனக்கு. ஓய்வு பெற்ற பிறகும் கார் பிடித்துக் கூட்டிப் போகிறார்கள். நான் பொய்யாகச் சொன்ன ஒரு சொல் அங்கே வழக்கமாகிவிட்டது. வருடாவருடம் போய் அதன் பேரில் முதல் இலையில் உட்கார்ந்து எழுந்து வருகிறேன்.

செல்வி வந்து போன பிறகு, இதை எழுதுவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தேன். பரவை மார்க்கெட்டுக்குப் போனேன். பேச்சி கத்தரிக்காய்க் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். "வாங்க சாமி" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டாள். நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் ஆள் வந்தார்கள். அவள் நிறுத்துப் போட்டாள், சில்லறை கொடுத்தாள், "ம், சொல்லுங்க" என்றாள். வாழைப்பழத் தோலையும் சொன்னேன். ஜீப் நின்றதையும் சொன்னேன்.

முடித்ததும் தராசுத் தட்டைத் துணியால் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"ஒரு பொழுதா இருந்தப்ப ஆத்தா கண்ணு இருட்டி வாய்க்காக் கரையில விழுந்துச்சு. தெரியுமா?"

"தெரியாது."

"உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னுருச்சு. கேட்டா ஆபீசரு மனசு எறங்கி வெரதத்த விட்ருவாரு, அவர் வேண்டுதல் நம்மளால கெட வேணாம்னுச்சு." நிமிர்ந்து பார்த்தாள். "ஆத்தா இது தெரியாமப் போயிச் சேந்துருச்சு, நல்லது. எங்கிட்டச் சொல்லிட்டீங்களே, நான் இத எங்க கொண்டு போயி வைக்க?"

ஒரு அம்மாள் வந்து முருங்கைக்காய் விலை கேட்டுவிட்டுப் போனாள்.

"இந்த வருசம் கும்பிடுக்கு நான் வரட்டுமா, வேணாமா?" என்று கேட்டேன்.

பேச்சி சொத்தைக் கத்தரிக்காயாகப் பொறுக்கி ஒதுக்கினாள்.

"வாங்க. காரு வராது, பஸ்ஸுல வாங்க. மொத எலை கெடையாது. பந்தியில எங்க எடம் இருக்கோ அங்க உக்காருங்க. தின்னு முடிச்சதும் உங்க எலைய நீங்களே எடுத்துப் போடுங்கண்ணே."

அத்தனை வருடமும் என்னைச் சாமி என்று கூப்பிட்டவள்.

"வாரேன்" என்றேன்.